துடைக்கும் கையும் மேசையின் நினைவும்

என் எழுதுமேசையில் ஒரு மண்குதிரை இருந்தது. உள்ளங்கை அளவுதான். இப்போது உயிரோடு இல்லாத நண்பன் ஒருவன் தன் ஊர் வேளார் வீட்டில் வாங்கிவந்து கொடுத்தது. அதன் பக்கத்தில் தாத்தாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு, மடிப்பில் கிழிந்துபோன ஒரு துண்டுப் பிரசுரம், மை வற்றிய பேனா, ஆற்றில் பொறுக்கிய இரண்டு கூழாங்கற்கள். போன வருஷம் ஒருநாள் மேசையைத் துடைக்கும்போது அம்மாவின் கை பட்டுக் குதிரை விழுந்து கால் ஒடிந்தது. 'இதோட மதிப்பு ஒனக்கெங்க தெரியப்போவுது' என்று கத்திவிட்டேன். அம்மா துணியை உதறிக்கொண்டே சொன்னாள்: 'மதிப்பு தெரியாமத்தான் இத்தன வருசமா ஒண்ணொண்ணா எடுத்துத் தொடச்சு, எடுத்த எடத்துலயே வச்சேனாக்கும்.' எனக்குப் பதில் வரவில்லை. பதில் தேடிப் புத்தகங்களுக்குள் போனபோது வந்து சேர்ந்த இடம் ஃப்ராய்டின் மேசை. நான் கத்திய வாக்கியத்தை அவர் எனக்கு முன்பே எழுதிவைத்திருந்தார் என்பது அங்கேதான் தெரிந்தது.

முதலில் அந்த மேசை. வியன்னாவில் பெர்க்காஸெ 19 என்ற முகவரியில் 1891 முதல் 1938 வரை ஃப்ராய்ட் குடியிருந்தார். வீடும் மருத்துவம் பார்க்கும் இடமும் ஒரே கட்டிடம். 1896-இல் தந்தை யாக்கோப் இறந்தார். ஃப்ராய்ட் தொல்பொருட்களைச் சேர்க்கத் தொடங்கியது அதையொட்டித்தான். இழப்பிலிருந்து தொடங்கிய சேகரம் அது எனலாம். கடைசியில் இரண்டாயிரத்துக்கு மேல் பெருகிவிட்டது. எகிப்து, கிரேக்கம், ரோம், சீனம் என்று பல மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட உருவங்கள். எழுதும் மேசையில் அவை வரிசை வரிசையாக அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றன. புதிதாக ஒன்று வாங்கினால் சாப்பாட்டு மேசைக்கே எடுத்துவந்து எதிரில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாராம்.

அலங்காரத்துக்காக மட்டும் அவை அங்கே இருந்தன என்று சொல்ல முடியாது. கோட்பாட்டை விளக்கும் உதாரணங்களாகவும் அவர் அவற்றைப் பயன்படுத்தினார். 1909-இல் வெளியான 'எலி மனிதன்' நோய்வரலாற்றில் இதற்குச் சான்று இருக்கிறது. நனவில் உள்ளது தேய்ந்துபோகும், நனவிலியில் புதைந்தது மாறாமல் இருக்கும் என்று நோயாளிக்கு விளக்க, அறையிலிருந்த தொல்பொருட்களையே அவர் காட்டினார். புதைந்து கிடந்ததால்தான் இவை பிழைத்தன. பாம்பேயி நகரம் தோண்டப்பட்ட பிறகுதான் அழியத் தொடங்கியது என்றார். மேசைக்கு வந்துவிட்ட பொருள், தூசியும் வெளிச்சமும் கையும் படுகிற பொருள். அழிவு அதற்கு அப்போதுதான் ஆரம்பிக்கிறது. அப்படியானால் அதைக் காப்பாற்றுவது யார் என்ற கேள்வி உடனே எழ வேண்டும். ஃப்ராய்ட் அதைக் கேட்கவில்லை.

ஆனால் பொருள் உடைவதைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். 1901-இல் எழுதிய 'அன்றாட வாழ்வின் உளநோயியல்' நூலில் கைத்தவறுகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. அதிலே இரண்டு உடைசல்கள். தங்கை ஒருத்தி அவர் அறைக்கு வந்து, மேசை அழகாகத்தான் இருக்கிறது, இந்த மைக்கூடுதான் பொருந்தவில்லை என்கிறாள். சில மணி நேரத்தில் ஃப்ராய்டின் கை 'தவறி' மைக்கூட்டின் பளிங்கு மூடியைக் கீழே தள்ளி உடைக்கிறது. தங்கை தீர்ப்புச் சொன்னாள், தன் கை அதை நிறைவேற்றியது என்று அவர் விளக்குகிறார். சுற்றி நின்ற மதிப்புள்ள சிலைகள் ஒன்றின்மீதும் படாமல் அந்தக் கை எவ்வளவு சாமர்த்தியமாகத் தவறியது என்று கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொள்கிறார். இன்னொரு நாள் காலில் கிடந்த செருப்பைச் சுவரை நோக்கி உதற, பளிங்கு வீனஸ் விழுந்து நொறுங்குகிறது. வீட்டில் கடுமையாக நோயுற்றிருந்தவர் தேறிவருகிறார் என்று தெரிந்த சமயம் அது. ஆகவே அந்த உடைசல் ஒரு காணிக்கை, நன்றிப்பலி.

அதே பகுதியில் வேலைக்காரர்கள் பொருளை உடைப்பது பற்றியும் பேசுகிறார். அங்கே தொனி மாறிவிடுகிறது. படிப்பில்லாதவர்களுக்குக் கலையின் அருமை எட்டாது. வேலைக்காரர்களுக்குக் கலைப்பொருட்கள்மீது ஒரு ஊமைப்பகை உண்டு. அதிலும் அதன் மதிப்பும் விளங்காமல் அதனால் தங்களுக்கு வேலையும் கூடும்போது பகை அதிகம் என்பது அவர் வாதம். வேலைக்காரருக்கும் நனவிலி உண்டு என்று ஒப்புக்கொண்டதை ஒரு முன்னேற்றம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்த நனவிலிக்குள் அவர் வைத்துப் பார்த்தது பகையை மட்டும். எஜமானின் கை உடைத்தால் பலி, வேலைக்காரியின் கை உடைத்தால் பகை. செயல் ஒன்று, வாசிப்பு இரண்டு.

மூன்றாவதாக ஒரு வெடிப்பும் உண்டு. 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவியவர் கிரீந்திரசேகர் போஸ். ஃப்ராய்டின் 75-ஆவது பிறந்தநாளுக்காக அந்தச் சங்கம் 1931-இல் தந்தத்தாலான ஒரு விஷ்ணு சிலையை அனுப்பியது. ஃப்ராய்ட் அதைத் தம் மேசையிலேயே வைத்தார். பிறகு மரத்திலும் தந்தத்திலும் வெடிப்பு விழுந்தபோது, கல்கத்தாவுக்குப் பழகிய கடவுளுக்கு வியன்னா சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று வேடிக்கையாகக் குறித்துவைத்தார். வானிலை உடைத்தால் அது சிரிப்பு. பொருளின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதைவிட, அதை உடைத்தது யார் என்பதில்தான் நம் கோபம் தீர்மானமாகிறது.

1938 மார்ச்சில் நாஜிகள் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டார்கள். ஃப்ராய்ட் வெளியேற வேண்டியதாயிற்று. சேகரம் பறிபோகும் என்ற பயத்தில், அவருக்குப் பிடித்த சிறிய அதீனா சிலையை மாரி போனபார்ட் ரகசியமாகப் பாரிசுக்குக் கொண்டுபோனார். மிச்சத்தை ஓர் அருங்காட்சியக அதிகாரி 30,000 ரெய்க்ஸ்மார்க் என்று மதிப்பிட, வெளியே அனுப்ப அனுமதி கிடைத்தது. ஜூன் 4-இல் ஃப்ராய்ட் கிளம்பினார். ஆகஸ்டில் பொருட்கள் லண்டன் வந்து சேர்ந்தன.

அவருடைய நான்கு தங்கைகள் வியன்னாவிலேயே இருந்தார்கள். அவர்களுக்காகப் பணம் விட்டுவந்தார். விசாவுக்கு முயற்சி நடந்தது, பலிக்கவில்லை. மூவர் ட்ரெப்லிங்காவில் கொல்லப்பட்டார்கள், ஒருவர் தெரெசியன்ஷ்டாட்டில் இறந்தார். இதை ஃப்ராய்டின் குற்றமாக்குவது என் நோக்கமில்லை. சிலைக்கு ஒரு விலைபோட்டு வழியனுப்பத் தெரிந்த அரசதிகாரம், எழுபது வயது தாண்டிய யூதப் பெண்களுக்கு எந்த மதிப்பும் இல்லை என்று முடிவு செய்தது. மைக்கூடு பொருந்தவில்லை என்று சொன்ன தங்கை எவர் என்று நூலில் பெயர் இல்லை.

லண்டனில் மேர்ஸ்ஃபீல்ட் கார்டன்ஸ் 20-ஆம் எண் வீட்டில் பெட்டிகள் பிரிக்கப்பட்டன. வியன்னாவில் எந்தச் சிலை எந்த இடத்தில், எதன் பக்கத்தில் நின்றது? அதைத் தெரிந்துவைத்திருந்தவர் பௌலா ஃபிக்ட்ல். 1929 முதல் அந்த வீட்டின் பணிப்பெண். தினமும் அந்த மேசையைத் துடைத்தவர். அவர் நினைவைக் கொண்டுதான் சிலைகள் பழைய வரிசைப்படி அடுக்கப்பட்டன. நாடிழந்த 82 வயதுக் கிழவர் தம் மேசையில் வந்து உட்கார்ந்தபோது பழைய முகங்கள் அதே இடத்திலிருந்து அவரைப் பார்த்தன. ஊமைப்பகை கொண்டதாக 1901-இல் எழுதப்பட்ட கை, 1938-இல் அவருடைய உலகத்தை அவருக்கு எடுத்துவைத்துக் கொடுத்தது.

இதைச் சொல்லிப் பௌலாவை ஒரு தியாகப் பிம்பமாக்கிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அது இன்னொரு சுரண்டல். துடைப்பது அவருக்கு வேலை, கூலி. அந்த வேலையின் ஒழுங்கிலிருந்துதான் அந்த நினைவு உருவாயிற்று. ஃப்ராய்ட் குறிப்பிட்ட எரிச்சலும் அதற்குள் இருந்திருக்கலாம், இருந்தால் நியாயம்தான். எரிச்சலும் அக்கறையும் ஒரே கையில் இருக்க முடியாதா என்ன? 1940-இல் அவரை 'எதிரி நாட்டவர்' என்று மான் தீவு முகாமில் அடைத்தார்கள். எகிப்தியச் சிலைகளுக்கு அந்தத் தொந்தரவு வரவில்லை. அவருடைய நினைவுகள் 1987-இல்தான் நூலாக வந்தன, அதுவும் ஒரு பத்திரிகையாளர் எழுதி.

அந்த வீட்டில் இன்னொரு பெண்ணும் இருந்தார், மனைவி மார்த்தா. கல்யாணமான புதிதில் வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் விளக்கேற்ற ஃப்ராய்ட் அவரை அனுமதிக்கவில்லை. 1939 செப்டம்பரில் ஃப்ராய்ட் இறந்த பிறகு அவர் மறுபடி ஏற்றத் தொடங்கினார். ஐம்பது வருஷத்துக்கு மேல் இடைவெளி. ஊரார் தெய்வங்களுக்கெல்லாம் இடம் கொடுத்த வீட்டில் அவளுடைய விளக்குக்கு இடமில்லை. நினைவை அடுக்கிவைக்க ஒருவருக்கு மேசை தேவைப்படுகிறது. இன்னொருவர் தம் நினைவை எங்கும் வைக்காமலே சுமந்துகொண்டு திரிய வேண்டியிருக்கிறது.

மகள் அன்னா 1982-இல் இறக்கும்வரை அந்த அறையை அப்படியே வைத்திருந்தார். 1986-இல் வீடு அருங்காட்சியகமாயிற்று. பார்க்கப் போகிறவர் மேதையின் மனத்தைப் பார்க்கிறோம் என்று நினைப்பார். அவர் பார்ப்பது ஒரு பணிப்பெண்ணின் ஞாபகத்தையும் சேர்த்துத்தான். நம் பக்கத்திலும் எழுத்தாளர்களின் மேசை, பேனா, மூக்குக்கண்ணாடி பற்றி உருகி எழுதுகிறோம். அதிகாரம், விளிம்பு, குரலற்றவர் என்றெல்லாம் எழுதுகிற மேசைகளை யார் துடைக்கிறார்கள் என்பது மட்டும் நம் கட்டுரைகளில் வருவதில்லை. மேசையை ஒரு பிரதி என்று எடுத்துக்கொண்டால் அதை எழுதியவர் ஒருவராக இருக்க முடியாது. பொருளைக் கொண்டுவந்து வைத்தவர் ஒருவர். நாள்தோறும் எடுத்து, துடைத்து, திரும்ப வைத்து அதற்கு இடம் என்ற ஒன்றை உண்டாக்கியவர் இன்னொருவர்.

குதிரையின் காலை அம்மாவே கோந்து வைத்து ஒட்டிவிட்டாள். லேசாகச் சாய்ந்து நிற்கிறது. இப்போது மேசையை நான் துடைக்கிறேன். பாதி நாள் மறந்துவிடுகிறேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல்நாள் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டுத் துடைத்தேன். திரும்ப அடுக்கப் போனால் கை நின்றுவிட்டது. ஒவ்வொரு பொருளும் யார் கொடுத்தது, எந்த வருஷம் என்பதெல்லாம் தெரிகிறது. எது எங்கே இருந்தது என்பது தெரியவில்லை. அடுப்படியைப் பார்த்துக் கேட்டேன்: 'அம்மா, தாத்தா கண்ணாடிக் கூடு எந்தப் பக்கம் இருந்துச்சு?'