தக்காளிக்குக் கத்தரி வேர்

நேற்றுவரை நிமிர்ந்து நின்ற தக்காளிச் செடி, இலைகூடப் பழுக்காமல், இன்று பகலில் துவண்டு தொங்கும். தண்ணீர் ஊற்றினாலும் எழாது. அதைப் பிடுங்கி எறியும் முன் அடித்தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு நறுக்கி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முனை மட்டும் முங்கும்படி பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போல ஓர் இழை இறங்கினால், அது பாக்டீரியா வாடல் நோய். மண்ணில் இருக்கும் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா வேர்வழியே ஏறி, தண்டுக்குள் நீர் ஓடும் குழாய்களை அடைத்துவிடுகிறது. கத்தரி வேரின் மேல் தக்காளித் தண்டை ஒட்டிய ஒட்டுத்தக்காளி நாற்று வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் முதலில் இந்தச் சோதனையைத்தான் செய்யச் சொல்வேன்.

காய்கறியில் ஒட்டுக்கட்டுவது 1920களில் ஜப்பானில் தர்பூசணியில் தொடங்கியது. தக்காளிக்கு, வாடலைத் தாங்கும் கத்தரி வகைகளை வேர்ச்செடியாகப் பரிந்துரைப்பது தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம். தக்காளியும் கத்தரியும் ஒரே குடும்பம் என்பதால் திசுக்கள் கூடிவிடுகின்றன. மழைநீர் தேங்கினால் தக்காளி வேர் சீக்கிரம் அழுகும். கத்தரி வேர் இன்னும் சில நாள் தாங்கும்.

இரண்டு நாற்றுகளின் தண்டும் ஒரே பருமனில், சுமார் 2 மி.மீ. இருக்கும்போது, புது பிளேடால் ஒரே சாய்வில் வெட்டி, சின்ன சிலிகான் கிளிப்பில் வெட்டுவாய்களைப் பொருத்துகிறார்கள். பிறகு ஒரு வாரம் நிழலும் புழுக்கமுமான கூடாரத்தில் வைக்க வேண்டும். வெயில் பட்டால் மேல்தண்டு வதங்கிவிடும். அதற்கு நீர் தர வேர் இன்னும் இணையவில்லையே! இத்தனை கைவேலை இருப்பதால்தான் ஒட்டு நாற்றின் விலை கூடுதல்.

மாடியில் புது மண்கலவையோடு பையில் வளர்ப்பவருக்கு இந்தச் செலவு வேண்டாம் என்பதே என் கருத்து. இலைச்சுருள் வைரஸையும் வெள்ளை ஈயையும் எந்த வேரும் தடுக்காது. ஆனால் கொல்லையில் ஒரே இடத்தில் ஆண்டுதோறும் தக்காளி வைத்து, ஆண்டுதோறும் வாடலுக்குப் பறிகொடுப்பவர் நான்கு ஒட்டுச்செடிகளாவது வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

நடும்போது மட்டும் கவனம். தக்காளியைக் கழுத்துவரை புதைத்து நடுவது நம் பழக்கம். ஒட்டுச்செடியில் அது கூடவே கூடாது. ஒட்டு மண்ணுக்குள் போனால் தக்காளித் தண்டு தானே வேர்விட்டு, நோயுள்ள மண்ணை நேராகத் தொட்டுவிடும். ஒட்டுக்குக் கீழே கத்தரித் துளிர் எட்டிப் பார்த்தால் அன்றே கிள்ளிவிடுங்கள்.