காங்ராவின் கூல் வாய்க்கால்களைப் பார்க்கப் போகிறீர்களா?

வட மாநிலங்களுக்குக் கண்டுணர் சுற்றுலா செல்லும் விவசாயிகள் பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வாய்ப்பு வந்தால், கூடுதலாக ஒரு நாள் ஒதுக்குங்கள். அதைச் சுற்றியுள்ள காங்ரா பள்ளத்தாக்கில் ‘கூல்’ எனப்படும் பழைய வாய்க்கால்கள் இன்றும் நெல்லுக்கும் கோதுமைக்கும் தண்ணீர் தருகின்றன. பெரிய கூல்கள் மட்டுமே 700-க்கு மேல் இருக்கின்றன. சிலவற்றை அக்கால அரசர்கள் வெட்டினர். மற்றவை ஊரார் வெட்டியவை.

முதலில் தலைமடைக்குப் போங்கள். தௌலாதார் மலையிலிருந்து வரும் ஓடையின் குறுக்கே உருண்டைக் கற்களையும் மரக்கிளைகளையும் அடுக்கித் தண்ணீரைத் திருப்பியிருப்பார்கள். வெள்ளம் வந்தால் இது போய்விடும். வடிந்ததும் மறுபடி அடுக்குவார்கள். 1905 ஏப்ரல் 4-ம் தேதி ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தில் சேதமான கூல்களும் மீண்டும் ஓடின.

வாய்க்காலோடு இறங்கி வந்தால் ‘கராட்’ என்னும் நீராலையைப் பார்க்கலாம். சரிவான மரத்தூம்பு வழியே பாயும் தண்ணீர், கிடைமட்டமாக உள்ள சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சில் மேலே திருகைக்கல் சுழலும். தானியக் கூடையில் கட்டிய குச்சி ஒன்று கல்லின் மீது தட்டித் தட்டி, தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விழச் செய்யும். கல் வேகமாகச் சுழன்றால் தானியமும் வேகமாக விழும். இதற்கு மோட்டாரும் இல்லை, சுவிட்சும் இல்லை. சக்கரத்தைச் சுற்றிய தண்ணீர் அப்படியே கீழே வயலுக்குப் போகிறது. அரைப்பது மெதுவாக என்பதால் மாவு அதிகம் சூடாவதில்லை. ஆனால் மின்சார மாவு மில் வந்த பிறகு, வேகத்தில் இது போட்டி போட முடியாது.

ஆலையைவிட, ‘கோலி’ என்பவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். நம் ஊர் நீர்க்கட்டி போன்றவர். தலைமடையில் பூஜை செய்வது, தூர்வார வீட்டுக்கு ஓர் ஆளை அழைப்பது, முறைத் தண்ணீர் பிரிப்பது, கடைமடைக்காரர் சண்டையைத் தீர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இதற்குக் கூலியாக அறுவடையில் தானியம் கொடுப்பது வழக்கம்.

இப்போது சிக்கல் இங்கேதான். வெளியே சம்பள வேலை பெருகியதால், கோலி கூப்பிட்டாலும் பல ஊர்களில் ஆள் வருவதில்லை. சில இடங்களில் விவசாயிகளே குழு அமைத்து நடத்துகிறார்கள். சில கூல்களை அரசுத் துறை எடுத்துக்கொண்டது. சிமென்ட் பூசினால் கசிவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் தூர்வார அது ஆள் தராது. குடிமராமத்து நின்றுபோன நம் ஏரிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே மூன்று வகைக் கூல்களையும் பார்த்து, ஒவ்வொன்றிலும் கடைமடை விவசாயிக்கு எந்த நாளில் தண்ணீர் வருகிறது என்று கேளுங்கள்.

நடவு நேரமான ஜூன் கடைசியில் போனால் முறைத் தண்ணீரை நேரிலேயே காணலாம். மழை வலுத்துவிட்டால் மலைச்சாலைகளில் மண்சரிவு ஏற்படும். பயண நாளை அதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். இந்தி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.