‘பியா மாத்தர்’: ஓர் அடைமொழியின் பொருள்மாற்றம்

ஆங்கில உடற்கூற்றியலில் ‘பியல்’ என்பது, மூளையையும் தண்டுவடத்தையும் ஒட்டிப் போர்த்தியிருக்கும் மெல்லிய அகச்சவ்வைச் சார்ந்தது எனப் பொருள்தரும் பெயரடையாகும். இது ‘பியா மாத்தர்’ என்னும் இலத்தீன் தொடரின் முதற்சொல்லிலிருந்து ஆக்கப்பட்டது. இலத்தீனில் ‘பியா’ என்பது கடமையுணர்வும் பரிவும் உடையவளைக் குறிக்கும். ‘மாத்தர்’ என்பது தாய். ஒரு சவ்வு எங்ஙனம் பரிவுள்ள தாயாயிற்று என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் காலென், மூளையின் உறைகளைத் ‘தடித்த சவ்வு’, ‘மெல்லிய சவ்வு’ என்றே குறித்தார். அங்குத் தாயும் இல்லை, பரிவும் இல்லை. அரபு மருத்துவர்கள் சவ்வு என்னுமிடத்தில் ‘உம்மு’ என்னும் சொல்லை ஆண்டனர். அச்சொல்லுக்குத் தாய் என்பது பொருளாயினும், மூலம், தலைமை, உடைமை ஆகியவற்றையும் அது சுட்டும். மக்கா நகர் ‘ஊர்களின் தாய்’. பூரான் ‘நாற்பத்து நான்கின் தாய்’. அடைமொழிகளோ கிரேக்கத்தை ஒட்டியே நின்றன: ‘ஜாஃபியா’ தடித்தது, முரடானது, ‘ரகீகா’ மெல்லியது.

‘ரகீக்’ என்னும் அடை மெல்லிய துணிக்கும் வரும். இளகிய நெஞ்சுக்கும் வரும். இவ்விரு பொருண்மையே மாற்றத்திற்கு வாயிலாயிற்று. அல் மஜூசியின் 10ஆம் நூற்றாண்டு மருத்துவப் பெருநூலை 1127இல் இலத்தீனாக்கிய அந்தியோக்கியா ஸ்டீபனின் பெயர்ப்போடு ‘டூரா மாத்தர்’, ‘பியா மாத்தர்’ என்னும் தொடர்கள் இணைத்துப் பேசப்படுகின்றன. ‘உம்மு’ தாயென நேரே பெயர்க்கப்பட்டதும், அதன் அடையும் மனிதப் பண்பை நோக்கிச் சாய்ந்தது. பெயர்ச்சொல்லே அடைமொழியைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது எனலாம். பின்னர் ஆங்கில மருத்துவ வழக்கில் தாய் மறைந்து, ‘டூரா’, ‘பியா’ என்னும் அடைகளே பெயர்களாயின. அவற்றினின்று ‘டூரல்’, ‘பியல்’ எனப் புதிய பெயரடைகள் தோன்றின. ‘எபிடூரல்’ என்னும் மயக்கமருந்து முறையின் பெயரிலும் எஞ்சியிருப்பது அடைமொழியே.

தமிழில் இவற்றுக்கு வன்றாயி, மென்றாயி என்னும் சொற்கள் வழங்குகின்றன. இவற்றில் தாய் இலத்தீன் வழி வந்தவள். ஆயின் ‘மென்’ என்னும் அடை இலத்தீனைப் பின்பற்றவில்லை. மென்மை, மெல்லிமை என்னும் இருபொருளும் தாங்கி, ‘ரகீகா’வுக்கு நிகராக நிற்கிறது. அகராதிப் பொருளை மட்டும் கொண்டு ‘பத்தித்தாய்’ என ஆக்கியிருப்பின், சவ்வின் இயல்பு சொல்லில் புலப்பட்டிராது. ஆகவே கலைச்சொல் ஆக்குவோர், ஓர் அடைமொழி குறிக்கும் பண்பு பொருளுக்கு உரியதா, முந்தைய பெயர்ப்பில் வந்தேறியதா என முதற்கண் ஆய்ந்து தெளிதல் வேண்டும்.