பட்டி உரிகிறதா? சுவர் வழவழப்பாக வர சில வழிகள்

ஆடி கடைசி வெள்ளி என்றால் இருக்கன்குடியில் கூட்டம் அலைமோதும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் இருக்கும் மாரியம்மனைக் கும்பிட வருகிற சொந்தபந்தம் வீட்டுக்கும் வரும். அதற்குள் சுவரைச் சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், பொரிந்த இடத்தில் ஒரு கை பட்டியை அப்பி பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். அடுத்த மழைக்கே அது வாழைப்பட்டை மாதிரி உரிகிறது. காசும் போச்சு, கூலியும் போச்சு.

முதலில் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். 'டொப்'பென்று வெற்றோசை வந்தால் உள்ளே பூச்சு விட்டுவிட்டது என்று அர்த்தம். கெட்டியான பகுதி வரும்வரை கொத்தி எடுத்துவிட வேண்டும். இதில் தயவுதாட்சண்யம் கூடாது.

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அது ஓதம். ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒருநாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் பட்டியைத் தொடவே வேண்டாம். கூரைத் தண்ணீர் சுவரோரம் நிற்காமல் ஓட வழிசெய்து, சுவர் காய்ந்த பிறகுதான் வேலை. பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும்.

கரிசல் மண்ணில் இன்னொரு தொல்லை உண்டு. மழையில் உப்பி, கோடையில் சுருங்கும் மண் என்பதால், அஸ்திவாரம் அசைந்து சுவர் விரிகிறது. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி வைக்கலாம். கோட்டைத் தாண்டி வளர்கிறது, அல்லது சுவரின் மறுபக்கமும் தெரிகிறது என்றால், அது பட்டியால் தீருகிற விஷயம் அல்ல. பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

ஆழமான பள்ளத்தைப் பட்டியால் நிரப்புவதுதான் பலரும் செய்கிற தப்பு. வெள்ளை சிமென்ட் பட்டி ஒரு பூச்சுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வரைதான் தாங்கும். அதனால் பள்ளத்தின் ஓரத்தை நனைத்து, 1:4 சிமென்ட் கலவையால் நிரப்பி, ஒரு வாரம் தண்ணீர் விட்டு, காயவிட்ட பிறகுதான் பட்டி. பழைய சுண்ணாம்புக் காரை வீடாக இருந்தால் சிமென்ட் வேண்டாம். சுண்ணாம்புச் சாந்துதான் அதோடு ஒட்டிக்கிடக்கும், ஈரத்தையும் வெளியே விடும்.

ஒரு கிலோ பட்டிக்கு 360 முதல் 400 மில்லி தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இறுகியதில் தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் பிடிப்பு போய்விடும். முதல் பூச்சு மேலும் கீழும், அது காய்ந்ததும் இரண்டாவது குறுக்கே. ஒட்டுப் போட்டது தெரியாமலிருக்க, பள்ளத்தின் விளிம்போடு நிற்காமல் ஒரு சாண் தள்ளி, மெலிதாக்கிக்கொண்டே போய் முடிக்க வேண்டும்.

மறுநாளே தேய்த்துவிடுவது நல்லது. நாள் தள்ளினால் கல்லாகிவிடும். உப்புத்தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் குழி விழும். சமமான மரக்கட்டையில் சுற்றி, வட்டவட்டமாக, கை பாரம் கொடுக்காமல் முதலில் 120 அல்லது 150 நம்பர், பிறகு 220. ராத்திரியில் டார்ச்சை சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்தால், பகலில் ஏமாற்றிய மேடுபள்ளம் எல்லாம் நிழலாகக் காட்டிக்கொடுக்கும். பிறகு தூசியை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்ததும் பிரைமர் அடித்தால்தான் பெயின்ட் திட்டுத்திட்டாகத் தெரியாது.

தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். 2017 நவம்பரில்தான் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டாக இருந்தால் நனைத்தே தேய்க்க வேண்டும், குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு.

பக்கத்துச் சிவகாசியில் பட்டாசு அறைகளுக்கு இதே வழவழப்பு உயிர்ப் பிரச்னை. சுவரிலிருந்து உதிரும் ஒரு மணல் துகள் வெடிமருந்தோடு உரசினாலே போதும். உள்சுவரிலிருந்து துகள் உதிரக் கூடாது என்பது வெடிபொருள் விதிகளிலேயே இருக்கிறது.

மீந்த பட்டியைச் சாக்கோடு தரையில் போடாதீர்கள். காற்றுப்புகாத டப்பாவில் போட்டுப் பரணில் வைத்தால், சின்னச் சின்ன ஓட்டைகளுக்கு ஆகும்.