7,000 கிலோமீட்டர்தானே, 8 மணி நேரத்துல போயிடலாமா?

ஈஸ்டர் தீவுலேர்ந்து நியூசிலாந்தோட ஆக்லாந்துக்கு எவ்வளவு தூரம்? டிஸ்டன்ஸ் கால்குலேட்டர் சுமார் 7,000 கிலோமீட்டர்னு சொல்லும். மணிக்கு 850னு வகுத்தா 8 மணி நேரம் சொச்சம். அதை நம்பி லீவு போட்டுடாதீங்க. அது பூமி உருண்டை மேல வரையற குறுக்குக் கோடு. அந்த வழியில நேரடி ஃபிளைட் கிடையாது. வழக்கமா முதல்ல எதிர்த்திசையில, கிழக்கே 3,750 கிலோமீட்டர் பறந்து சிலி தலைநகர் சாண்டியாகோ போகணும். அங்கேர்ந்து ஆக்லாந்து 9,600க்கு மேல. மொத்தம் 13,000 தாண்டிடுது, கிட்டத்தட்ட டபுள்! பறக்கறதுக்கே சுமார் 17 மணி நேரம். சாண்டியாகோ ஏர்போர்ட்ல உட்கார்ந்திருக்கறது தனிக் கணக்கு. காலேஜ்ல கிராஃப் படிச்சவங்களுக்குப் புரியும்: ரெண்டு நோடும் மேப்ல எவ்ளோ பக்கத்துல இருந்தாலும், நடுவுல எட்ஜ் இல்லன்னா சுத்தித்தான் போகணும். கால்குலேட்டருக்கு நோடு மட்டும்தான் தெரியும். எட்ஜ் போடறது ஏர்லைன்ஸ்.