ஐடி கம்பெனியில் அப்ரென்டிஸ்: 9,000 ரூபாயில் ஒரு வருஷம் ஓடுமா?

இன்ஜினியரிங் முடிச்சாச்சு, பெரிய ஐடி கம்பெனியில இருந்து மெயில் வந்திருக்கு. வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா மெயிலை முழுசா படிச்சா "ஒரு வருட அப்ரென்டிஸ், மாதம் ரூ.9,000"ன்னு போட்டிருக்கு. சேரலாமா, வேண்டாமா? உணர்ச்சியை ஓரமா வச்சிட்டு கணக்கைப் பார்ப்போம் வாங்க.

முதல்ல, இது எந்த வகை?

"அப்ரென்டிஸ்"ங்கிற ஒரே பேர்ல மூணு விஷயம் ஓடுது.

1. 1961-ம் வருஷத்து அப்ரென்டிஸ் சட்டப்படி போடுற ஒப்பந்தம். பட்டதாரி, டிப்ளமோ முடிச்சவங்க 'நாட்ஸ்' போர்ட்டல் வழியா சேருவாங்க. 2019-ல வந்த விதிகள்ல குறைந்தபட்ச ஸ்டைபண்ட் பட்டதாரிக்கு 9,000, டிப்ளமோவுக்கு 8,000ன்னு இருந்துச்சு. இந்தக் குறைந்தபட்சத்துல பாதியை மத்திய அரசு ஏத்துக்குது. கம்பெனி விருப்பப்பட்டா அதிகமாவும் குடுக்கலாம்.

2. கம்பெனியே நடத்துற பள்ளி. ஜோஹோ ஆரம்பிச்சது இந்த வகை. ஃபீஸ் கிடையாது, படிக்கும்போதே ஸ்டைபண்ட் உண்டு.

3. பிளஸ் டூ முடிச்சவங்களை எடுத்துப் பயிற்சி குடுக்கிற திட்டம். ஹெச்.சி.எல். 'டெக்பீ' மாதிரி. இதுல பயிற்சிக் கட்டணம் இருக்கும், அதனால கட்டண விவரத்தை முழுசா படிச்சிட்டுத்தான் கையெழுத்து போடணும்.

இது எதுலயும் சேராம, "டெபாசிட் கட்டுங்க, ஆஃபர் லெட்டர் தர்றோம்"னு யாராவது போன் பண்ணா, அந்த நம்பரை பிளாக் பண்ணிடுங்க.

இந்தப் பதிவுல முதல் வகையைத்தான் பார்க்கப் போறோம்.

ஊழியர் மாதிரி வேலை, ஆனா ஊழியர் இல்லை

காலைல அதே பஸ், அதே கேன்டீன், அதே டீம் மீட்டிங். ஆனா சட்டத்தோட கண்ணுல நீங்க பயிற்சி பெறுபவர், தொழிலாளி கிடையாது. அதனால பணத்துல சில வித்தியாசம் இருக்கு:

- பி.எஃப். பிடித்தம் கிடையாது. கம்பெனி பங்கும் வராது.
- இ.எஸ்.ஐ. கிடையாது. ஒரு மருத்துவக் காப்பீடு இருக்கான்னு நீங்கதான் பார்த்துக்கணும்.
- கிராஜுவிட்டி கணக்குல இந்த வருஷம் சேராது.
- முடிச்சதும் வேலை குடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்லை. ஒப்பந்தத்துல எழுதியிருந்தா மட்டும்தான்.

உங்களுக்குச் சாதகமானதும் இருக்கு. அப்ரென்டிஸ்ஷிப் அட்வைசர் அனுமதி இல்லாம உங்களை ஓவர்டைம் செய்யச் சொல்லக்கூடாது. ராத்திரி 11 மணி வரை ரிலீஸ் வேலைன்னு தினமும் உட்கார வச்சா, ஹெச்.ஆர்.கிட்ட கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு.

உண்மையான ஃபீஸ் ஹாஸ்டல் வாடகைதான்

ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு உதாரணக் கணக்கு. ஷேரிங் ரூம், சாப்பாட்டோட 6,500. போக்குவரத்து 1,000. போன் ரீசார்ஜ் 300. டீ, சோப்பு, துவைக்கிற செலவு, எப்பவாவது ஒரு சினிமா 1,200. மொத்தம் 9,000. கையில மிச்சம் பூஜ்யம். தீபாவளிக்கு ஊருக்குப் போக வீட்டுலதான் பணம் கேக்கணும்.

அதே கம்பெனி உங்க சொந்த ஊர்லயே இருந்தா மாசம் 5,000, 6,000 மிச்சமாகும். ஒரே ஆஃபர்தான், ஒருத்தருக்கு லாபம், இன்னொருத்தருக்கு இழுபறி.

இப்ப கையில 18,000 ரூபாய்க்கு வேற வேலை இருக்குன்னு வைங்க. அதை விட்டுட்டு இதுல சேர்ந்தா மாசம் 9,000 இழக்குறீங்க, வருஷத்துக்கு 1,08,000. இதுதான் நீங்க கட்டுற ஃபீஸ். ஒரு வருஷம் கழிச்சு, அந்த வேலையில கிடைச்சிருக்கிறதை விட மாசம் 5,000 அதிகமா சம்பளம் வந்தா, 22 மாசத்துல இந்தப் பணம் திரும்பிடும். சம்பளம் கூடலைன்னா திரும்பவே திரும்பாது.

கல்விக் கடன் இருக்கா? இதை அவசியம் படிங்க

நிறைய பேர் மாட்டிக்கிற இடம் இதுதான். கல்விக் கடனுக்கு வழக்கமா படிப்புக் காலம் முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டியதில்லை. மே மாசம் படிப்பு முடிஞ்சு அக்டோபர்ல அப்ரென்டிஸா சேர்றீங்கன்னா, அடுத்த மே மாசத்தோட அந்த அவகாசம் முடிஞ்சிடும். உங்க பயிற்சி முடிய இன்னும் நாலு மாசம் பாக்கி இருக்கும்.

4 லட்சம் கடன், 10% வட்டி, 7 வருஷம்னா மாசத் தவணை சுமார் 6,640. படிப்புக் காலத்துல சேர்ந்த வட்டியைச் சேர்த்தா இன்னும் கூடும். 9,000 வாங்குறவர் இதை எப்படிக் கட்டுவார்? அப்பாதான் கட்டுவார். இல்லைன்னா தவணை தவறி கிரெடிட் ஸ்கோர் அடிவாங்கும். அப்பா கடன்ல சேர்ந்து கையெழுத்து போட்டிருந்தா அவர் ஸ்கோரும் சேர்ந்து விழும்.

அதனால சேர்ற வாரமே ஒப்பந்த நகலோட பேங்க் கிளைக்குப் போய், தவணைத் தொடக்கத்தைத் தள்ளி வைக்க முடியுமான்னு எழுத்துல கேளுங்க. தவறின பிறகு போனா பேச்சே வேற மாதிரி இருக்கும்.

வரி?

வருஷத்துக்கு 1,08,000 வருமானத்துக்கு வரி வராது. ஆனா சில கம்பெனிகள் ஸ்டைபண்ட்ல டி.டி.எஸ். பிடிச்சிடும். உங்க பான் நம்பர்ல 26ஏ.எஸ். எடுத்துப் பாருங்க. பிடிச்சிருந்தா ரிட்டர்ன் தாக்கல் பண்ணினா திரும்ப வரும். 900 ரூபாய்னாலும் உங்க பணம், விடாதீங்க.

கையெழுத்துக்கு முன்னாடி அஞ்சு கேள்வி

1. ஒப்பந்தம் அரசு போர்ட்டல்ல பதிவாகுமா?
2. போன வருஷம் எத்தனை அப்ரென்டிஸை வேலைக்கு எடுத்தீங்க, என்ன சம்பளம்?
3. என்னை எந்த டீம்ல, எந்த டெக்னாலஜியில போடுவீங்க?
4. பாதியில விலகினா பயிற்சிச் செலவுன்னு ஏதாவது கட்டணுமா?
5. முடிச்சதும் எந்தச் சான்றிதழ், எத்தனை நாள்ல?

ரெண்டாவது, மூணாவது கேள்விக்குத் தெளிவான பதில் வந்தா 9,000-ஐப் பார்த்துத் தயங்காதீங்க. சி.ஏ. படிக்கிற நாங்க எல்லாருமே ஆர்ட்டிகிள்ஷிப்ல சொற்ப ஸ்டைபண்ட் வாங்கித்தான் தொழில் கத்துக்கிட்டோம். நல்ல டீம்ல நிஜமான ப்ராஜெக்ட் கிடைச்சா அந்த ஒரு வருஷம் வீண் போகாது. ஆனா "அதெல்லாம் சேர்ந்தப்புறம் பார்த்துக்கலாம் தம்பி"ன்னு மழுப்பினா, பேரு எவ்வளவு பெரிய கம்பெனியா இருந்தாலும் வேற ஆஃபரைத் தேடுங்க.

மேல இருக்கிற பட்ஜெட்டை உங்க ஊர் வாடகையைப் போட்டு இன்னைக்கே ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. அம்மா, அப்பா பக்கத்துல உட்கார்ந்து எழுதினா இன்னும் நல்லது.