கதவுக்கு அடியில் ஒரு பாம்பு

ஆனி, ஆடி வந்தால் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும். ஐந்தருவிக்குப் போகிற சாலையோரம்தான் எங்கள் ஆச்சி வீடு. பகலெல்லாம் கொண்டாட்டம். ராத்திரிதான் திண்டாட்டம்! தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரம் பார்த்து ஒரு வேன் “பாம்ம்ம்” என்று ஹாரன் அடித்துக்கொண்டு போகும்.

“நான் பார்த்துக்கிறேன்” என்று கிளம்பினான் அண்ணன். கடையிலிருந்து முட்டை அட்டைகளை வாங்கிவந்து சுவர் முழுக்க ஒட்டினான். அன்று ராத்திரியும் அதே “பாம்ம்ம்”!

ஏன் தெரியுமா? ஒலி என்பது அதிர்வு. அது காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடிவந்து சுவரைத் தள்ளி ஆட்டப் பார்க்கும். சுவர் ஆடினால் அந்தப் பக்கக் காற்றும் ஆடும். சத்தம் உள்ளே வந்துவிடும். காலி ஊஞ்சலைச் சுண்டுவிரலால் ஆட்டலாம். அதில் பெரியப்பா உட்கார்ந்திருந்தால்? சத்தத்தைத் தடுப்பதும் அப்படித்தான். எடை வேண்டும். முட்டை அட்டையோ காகிதக் கூழ். காலி ஊஞ்சலைவிட லேசு!

ஆச்சி வீட்டுச் செங்கல் சுவர் நல்ல கனம். அப்புறம் எந்த வழியாகச் சத்தம் வருகிறது? நானும் அண்ணனும் விளக்கை அணைத்துவிட்டுத் தேடினோம். கதவுக்கு அடியில் தெருவிளக்கின் வெளிச்சம் கோடு போட்டிருந்தது. அளந்து பார்த்தால் ஒரு அங்குல இடைவெளி.

“இத்துனூண்டு சந்துதானே” என்கிறீர்களா? கணக்குப் போடுவோம். கதவின் உயரம் 7 அடி, அதாவது 84 அங்குலம். சந்து 1 அங்குலம். ஆக, கதவில் 84-இல் ஒரு பங்கு திறந்தே கிடக்கிறது!

சத்தத்தை டெசிபல் என்ற அளவில் சொல்வார்கள். 10 டெசிபல் குறைந்தால், ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. 84-இல் ஒரு பங்கு ஆற்றல் சந்து வழியாகவே நுழைந்துவிட்டால், கதவு தேக்கோ இரும்போ, 20 டெசிபல்கூட முழுசாகக் குறையாது. ஓட்டைக் குடத்துக்குத் தங்க மூடி போட்ட கதைதான்!

நீங்களே சோதிக்கலாம். செல்பேசியில் அலாரம் வைத்து, எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக்கி மூடுங்கள். பிறகு மூடியை ஒரு விரல் அளவு மட்டும் தூக்குங்கள். சத்தம் எப்படிக் குதித்து வெளியே வருகிறது, பாருங்கள்!

ஆச்சி தன் பழைய சேலையைக் கிழித்து, கதவின் அகலத்துக்கு ஒரு நீளப் பை தைத்தார். அதில் மணலைத் திணித்துக் கதவடியில் போட்டோம். பார்க்க மலைப்பாம்பு மாதிரியே இருந்தது! ஜன்னல் சட்ட இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினோம். அன்று ராத்திரி வேன் வந்தது. ஆனால் “பாம்ம்ம்” இல்லை. எங்கோ தூரத்தில் “ம்ம்” என்று கேட்டதோடு சரி.

எல்லாரும் படுத்த பிறகு ஆச்சி எழுந்து உட்கார்ந்தார். “ஏல, அருவிச் சத்தமே கேக்க மாட்டேங்கு!”

ஆமாம், இடுக்கை அடைத்தால் ஹாரனோடு அருவியும் வெளியே நின்றுவிடும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஹாரன் திடீரென்று வெடிக்கும்; மூளை திடுக்கிட்டு விழிக்கும். அருவியிலோ தடித்த ஒலி, மெல்லிய ஒலி எல்லாம் கலந்து, ஏற்ற இறக்கமின்றிக் கொட்டும். மூளை அதற்குப் பழகிக்கொண்டு உறங்கிவிடும். சின்னச் சின்னச் சத்தங்களையும் அந்த இரைச்சல் போர்த்திவிடும்.

அண்ணன் எழுந்துபோய், சாலைக்கு எதிர்ப்பக்கம் மலையைப் பார்த்திருந்த ஜன்னலை மட்டும் திறந்து வைத்தான். குளிர்ந்த காற்றோடு “சோ”வென்ற ஓசை உள்ளே வந்தது. ஆச்சி குறட்டைவிட ஆரம்பித்தார்.

அதைத் தடுக்க எந்தப் பாம்பைப் போடுவது?